மிச்சம் போன முகவரி

தென்காசி,
8 ஜூலை 2024

அன்பு மகள் குழல்வாய்மொழிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீயும் மஸ்கட்டில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பேத்தி அனன்யாவுக்குக் கோயம்புத்தூரில் விடுதி அறை கிடைத்துவிட்டதாம். ஜன்னல் ஓர அறை என்று பெருமையாகச் சொன்னாள். நனைந்த துணியை ஜன்னலில் தொங்கவிடக் கூடாது என்று சொல்லி வை.

போனில் பேசாமல் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேனே என்று நினைக்காதே. போனில் நீ குறுக்கே பேசுவாய். எழுத்தில் நான் சொல்வதை முழுதும் கேட்டாக வேண்டும். படித்ததும் அழித்துவிடு. இது மாப்பிள்ளைக்குத் தெரியவே வேண்டாம்.

விஷயம் அப்பாவின் பிட்காயின் பற்றியது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற பணத்தில் அவர் ஒரே தடவை வாங்கிய 0.4 உனக்குத் தெரியும். அதன் முகவரியைத் தம் டைரியில் எழுதி வைத்திருந்தார். அந்த நீளமான முகவரியை இணையத்தில் போட்டால் அதில் எவ்வளவு இருக்கிறது, எங்கே போயிற்று என்று உலகில் யாரும் பார்க்கலாம். பெயர் மட்டும் இருக்காது. அது ஒரு பொதுப் பேரேடு. அவர் வெள்ளிக்கிழமைதோறும் பார்ப்பார். அவர் போன பிறகு இந்தப் பதினான்கு மாதமாக நான் பார்க்கிறேன். ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. எப்போதும் 0.4.

அனன்யாவின் கல்லூரிக் கட்டணத்துக்காக 0.05 மட்டும் விற்றுத் தரும்படி உன் மூலம் மாப்பிள்ளையிடம் கேட்டேன் அல்லவா? விடுமுறையில் வந்து நம் குற்றாலம் வீட்டில் தங்கியிருக்கிறவர், வியாழக்கிழமை இங்கே வந்தார். முன் அறையில் உட்கார்ந்தார். நான் வழக்கம்போல் அவர் முன் வராமல் உள்ளே கதவருகில். வீட்டு வேலைக்கு வரும் பேச்சி, பிட்காயின் கணக்கு இருக்கும் அப்பாவின் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் நடுவே இங்கும் அங்கும் நடந்தாள். கடவு எண்ணை நான் உள்ளே வைத்துப் போட்டுக் கொடுத்தேன். வேலை முடிந்ததும் அவர் ஏறக்குறைய ஐந்து நிமிடம் பேச்சியிடம் ஏதோ விளக்கினார். மின்விசிறி சத்தத்தில் எனக்கு விளங்கவில்லை. அவள் உள்ளே வந்து, "எல்லாம் சரியா இருக்காம் ஆச்சி" என்றாள். ஐந்து நிமிடப் பேச்சு, நான்கு சொல்.

மறுநாள் வெள்ளி. பேரேட்டைப் பார்த்தேன். அப்பாவின் முகவரியில் பூஜ்யம்.

0.05 ஓர் இடத்துக்குப் போயிருக்கிறது. அது விற்கிற இடம், சரி. 0.0001 அனுப்பும் கட்டணம், அதுவும் சரி. மீதி 0.3499, நான் இதுவரை கண்டிராத ஒரு முகவரிக்குப் போயிருக்கிறது. அதே நிமிடத்தில்.

டேப்பைத் திறந்தால், வாலட் என்கிற அந்தப் பிட்காயின் பணப்பையில் 0.3499 இருப்பதாகக் காட்டுகிறது. ஆனால் வியாழனன்று அந்த டேப்பைக் கையில் வைத்திருந்தவர் அவர். உள்ளே காட்டும் எண்ணை அவர் மாற்றியிருக்கலாம். வெளியே இருக்கும் பேரேட்டை அவரால் எழுத முடியாது. இரண்டு சாட்சிகளில் எதை நம்புவது என்று நீயே சொல்.

நான் அவசரப்படுகிறவள் இல்லை. இருந்தாலும் ஒன்றைப் பார்த்த பிறகு மற்றவையும் கண்ணில் படுகின்றன. போன வாரம் குற்றாலம் வீட்டுப் பட்டா எங்கே இருக்கிறது என்று பேச்சியிடம் கேட்டனுப்பினார். அவருக்கு எதற்குப் பட்டா?

உன்னை இருபத்தைந்து வருடமாக அவர் குறையில்லாமல் வைத்திருக்கிறார். அதனால்தான் மூன்று நாள் தள்ளிப்போட்டு எழுதுகிறேன். பணம் போனால் போகட்டும் என்று இருக்க என்னால் முடியாது. யாரோடு நீ குடும்பம் நடத்துகிறாய் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். பதில் எழுது. அழாதே.

ஆசிகளுடன்,
அம்மா


தென்காசி,
13 ஜூலை 2024

அன்பு மொழிக்கு,

வேண்டாம் என்று எழுதியிருந்தும் அவரிடம் கேட்டுவிட்டாய். என் கடிதத்தையே அவருக்கு அனுப்பியும் விட்டாய். "ஒளிச்சு வச்சுக் குடும்பம் நடத்த எனக்குத் தெரியாதும்மா" என்று எழுதியிருக்கிறாய். நல்லது. அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்து வந்ததுதான். திட்ட முடியவில்லை.

அவர் சொன்னதாக நீ எழுதியது ஒரே வரி. "மிச்சம் திரும்பி வந்துவிட்டது என்று அத்தையிடம் சொல்." அதற்கு மேல் பேச மறுத்துவிட்டாராம். குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு மினி பஸ்ஸில் கால் மணி நேரம். அந்தப் பதில் மஸ்கட் போய்ச் சுற்றி வருகிறது. அதிலும் பாதிதான் வருகிறது. மிச்சம் திரும்பி வந்தது என்றால் புறப்பட்ட முகவரிக்கு அல்லவா வர வேண்டும்? இந்தக் கேள்விக்கு அந்த ஒரு வரியில் விடை இல்லை.

நேற்று என் வங்கிக் கணக்கில் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் வந்து விழுந்தது. விற்ற பணத்தை அப்படியே எனக்குத் திருப்பிவிட்டு, கல்லூரிக் கட்டணத்தைத் தம் சேமிப்பிலிருந்து கட்டிவிட்டாராம். மஸ்கட் திரும்பும் விமான டிக்கெட்டையும் முன்கூட்டியே இருபதாம் தேதிக்கு மாற்றிவிட்டாராம். இனிமேல் தென்காசி வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றாராம். குற்றமில்லாதவர் ஏன் பணத்தைத் திருப்ப வேண்டும்? ரோஷம் என்கிறாய். பதில் இல்லாதவர்களுக்கும் ரோஷம் வரும்.

பட்டாவைப் பற்றி நீ எழுதியதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டு வரி இன்னும் அப்பா பெயரில் வருகிறது, மாற்ற வேண்டும் என்று நானே உன்னிடம் சித்திரையில் சொல்லியிருக்கிறேன். அது மறந்துவிட்டது. அந்த ஒன்றை மட்டும் என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

செல்போன் கடை ஹபீபுல்லாவிடம் பெயர் சொல்லாமல் விசாரித்தேன். அவனிடமும் கொஞ்சம் பிட்காயின் இருக்கிறது. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆச்சி, ஐநூறு ரூவாத் தாளக் குடுத்து நூறு ரூவாக்குச் சாமான் வாங்குதீயன்னு வைங்க. தாளையா கிழிப்பீய? முழுத் தாளும் போவும், நானூறு திரும்பி வரும். இதும் அப்படித்தான்." நானூறும் என் கைக்கு வர வேண்டாமா, முன்பின் தெரியாதவன் பையில் போய் விழுந்தால் அதற்குப் பெயர் மிச்சமா என்று கேட்டேன். "அது வேற ஆளு இல்ல ஆச்சி. ஒரே ஆளு, ரெண்டு பை" என்றான். நீ கண்ணால் பார்த்தாயா என்றேன். தலையைச் சொறிந்தான். "பாக்கல. அப்படித்தான்னு சொல்லுதாவ" என்றான்.

சொல்லுகிறார்கள் என்பதை நான் எந்த நாளும் சாட்சியாக எடுத்துக்கொண்டதில்லை. நானே சோதிக்கப் போகிறேன். புது போன் ஒன்று, புது வாலட் ஒன்று. என் கை தவிர வேறு கை படக் கூடாது. என் கையிலிருந்து போகும் மிச்சம் எனக்கே திரும்புகிறதா என்று பார்க்கிறேன். திரும்பவில்லை என்றால், மொழி, நீ அடுத்த விமானத்தில் ஏறி வர வேண்டும்.

சாரல் விடவில்லை. அருவிகளில் குளிக்கத் தடை. குற்றாலம் வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம். அதை அவர் சொல்லவில்லை, பேச்சி சொன்னாள்.

ஆசிகளுடன்,
அம்மா


தென்காசி,
17 ஜூலை 2024

மதிப்புக்குரிய மாப்பிள்ளை கணபதிசுப்பிரமணியன் அவர்களுக்கு,

உலகநாயகி எழுதுவது. இந்தக் கையெழுத்தில் உங்களுக்கு இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை. கல்யாணப் பத்திரிகையின் உறைமீதுகூட உங்கள் மாமாதான் எழுதினார். இதைப் பேச்சி கொண்டுவருகிறாள். உறையை ஒட்டியிருக்கிறேன். அவளிடம் வாயால் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை ஹபீபுல்லா கடையில் புது போன் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து வாலட் ஒன்று திறந்தேன். திறக்கும்போது அது பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் காட்டி எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னது. எந்தப் போனில் போட்டாலும் அந்த வாலட்டைத் திறக்கும் சாவி அவை; யாரும் பார்க்கக் கூடாது என்பதால் ஹபீபுல்லாவை வெளியே நிற்கச் சொன்னேன். "எங் கடையிலேயே என்ன வெளிய நிப்பாட்டிட்டீயளே ஆச்சி" என்று குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றான். பிறகு ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, அதற்கு ஈடான பிட்காயினை அவனிடமிருந்து என் முகவரிக்கு வாங்கினேன். அது வந்து சேர்ந்து உறுதியாகும் வரை காத்திருந்து, அதிலிருந்து ஆயிரம் ரூபாய்க்கு உண்டானதை மட்டும் அவனுக்கே திருப்பி அனுப்பினேன். என் விரலால். மற்றவர் யாரும் தொடவில்லை.

பேரேட்டில் பார்த்தேன். என் முகவரியில் பூஜ்யம். ஆயிரத்துக்கு உண்டானது ஹபீபுல்லாவுக்குப் போயிருந்தது. மீதி முழுதும் நான் கண்டிராத ஒரு முகவரிக்குப் போயிருந்தது. அதே நிமிடத்தில்.

"யாரு ஆச்சி எடுத்தா? நான் வெளியில மழையில நின்னேன். போலீசக் கூப்பிடட்டா?" என்று அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

வாலட்டுக்குள் ஒரு மூலையில் அதன் முகவரிகளின் பட்டியல் இருக்கிறது. வருகிற பணத்துக்கு ஒரு வரிசை, மிச்சத்துக்கு என்றே தனியாக இன்னொரு வரிசை. அந்தப் புதிய முகவரி இரண்டாவது வரிசையின் தலையில் இருந்தது. வந்த காசு ஒரே துண்டு, அதை முழுதாகத்தான் கொடுக்க முடியும், மிச்சம் இன்னொரு பைக்கு வரும், அந்தப் பையும் என்னுடையதே. ஹபீபுல்லா சொன்னது சரி. ஏன் பழைய பைக்கே வரக் கூடாது என்றும் படித்துத் தெரிந்துகொண்டேன். எது கொடுத்தது, எது மிச்சம் என்று வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாமல் இருப்பதற்காகவாம். பதினான்கு மாதமும் நான் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மாமாவின் டேப்பைத் திறந்தேன். அதே மூலை, அதே இரண்டாவது வரிசை. 0.3499 போன முகவரி அங்கே இருந்தது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த டேப்பை நீங்கள் தொட்டிருந்தீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், அந்த நேரத்திலும் என் மனம் அதைச் சொல்லிற்று. மாமாவும் பன்னிரண்டு சொற்கள் எழுதி வைத்திருந்தார். அவற்றை நீங்கள் கண்ணால்கூடப் பார்த்திராத என் புதுப் போனில் ஒவ்வொன்றாகப் போட்டேன். கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு 0.3499 வந்து நின்றது. ஒரு துளி குறையவில்லை.

நேற்றுப் பேச்சியை உட்கார வைத்து, அன்றைக்கு நீங்கள் ஐந்து நிமிடம் என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னாள். "பழைய எடத்துல ஒண்ணும் இருக்காது, புது எடத்துல இருக்கும், அத்த பயந்துருவாவ, நல்லா வெவரமாச் சொல்லுன்னாவ. எனக்கு அதெல்லாம் வாயில நொழையல ஆச்சி. முடிவு சரிதானன்னு சொல்லிட்டேன்." அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுந்து நான்கு அடி நடந்து வந்து கேட்டிருந்தால் அவளுக்கு இந்த வேலையே இல்லை. பாளையங்கோட்டைக் கான்வென்ட் பள்ளியில் கன்னியாஸ்திரிகள் எனக்கு எதிரில் இருப்பவரின் முகம் பார்த்துத் தெளிவாகப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். கல்யாணமாகி வந்த வீட்டில் மருமகன் முன் வந்து நிற்கக் கூடாது என்று கற்றுக்கொடுத்தார்கள். எது எனக்கு வசதியோ அதை வைத்துக்கொண்டேன். நிற்காமல், கேட்காமல், தீர்ப்பு மட்டும் எழுதினேன். அதுவும் உங்கள் மனைவிக்கு.

நீங்கள் திருப்பிய பணத்தை அனன்யா பெயரில் போட்டுவிட்டேன். இதை உங்களுக்கு அறிவிக்கிறேன், சம்மதம் கேட்கவில்லை. பேத்திக்குத் தாத்தா கொடுப்பது அது.

இனி ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மாமாவின் பன்னிரண்டு சொற்கள் இப்போது என் ஒருத்திக்குத்தான் தெரியும். எனக்கு எழுபத்தெட்டு வயது. நாளைக்கே நான் கண்ணை மூடினால் மீதி முழுதும் யாருக்கும் இல்லாமல் போய்விடும். மொழியிடம் கொடுக்க மாட்டேன். அவளால் எதையும் ஒளிக்க முடியாது என்பதை இந்த மாதம் நாம் இருவரும் பார்த்துவிட்டோம். அவை உங்களிடம் இருக்க வேண்டும். போனில் சொல்லக் கூடாது, தாளில் எழுதி அனுப்பக் கூடாது, மூன்றாவது ஆள் காதில் விழக் கூடாது. ஆகையால் ஒருவர் சொல்ல ஒருவர் எதிரில் உட்கார்ந்து எழுதுவதைத் தவிர வழியில்லை.

நீங்கள் தென்காசி வர வேண்டாம். சொன்ன சொல்லை நீங்கள் காப்பாற்றுங்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி மினி பஸ்ஸில் நான் குற்றாலம் வருகிறேன். பேச்சி வர மாட்டாள். நான் வாசிக்க நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இருபத்தைந்து வருடத்தில் நான் உங்களிடம் நேராகப் பேசும் முதல் பேச்சு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களாக இருக்கப்போகிறது. உச்சரிப்பில் தவறு இருக்காது.

பன்னிரண்டும் முடிந்த பிறகு உடனே எழுந்துவிடாதீர்கள். பதின்மூன்றாவதாக ஒரு சொல் இருக்கிறது. அதை நீங்கள் எழுத வேண்டியதில்லை. அதை எழுத்தில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, நேரில் சொல்லத்தான் வருகிறேன்.

சனிக்கிழமைப் பயணம் இருந்தே தீர வேண்டுமானால் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டில் இருங்கள்.

நீங்களும் மொழியும் குழந்தையும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை
உலகநாயகி