இரண்டு முயல் கோட்டு

லிப்னிகா
12 மார்ச் 1957

அன்புத் தம்பி ஸெனோனுக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. முதலில் என் வீட்டின் நலத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் பனி சீக்கிரம் உருகியது என் குற்றமா? உன் படப்பிடிப்பு ஆட்கள் பனிக்குப் பதிலாகத் தோட்டம் முழுக்க உப்பைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜாம் போடுகிற பழச்செடிகள் எல்லாம் கருகி நிற்கின்றன. சமையலறை அடுப்பில் பதித்த ஓடு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. விளக்குக் கம்பத்தைச் சாய்த்த பையனைக் கேட்டேன். "டீச்சர், கேமராவுல அந்தப் பக்கம் தெரியாது" என்றான். நான் கேமராவுக்குள்ளா குடியிருக்கிறேன்?

இதையெல்லாம் விடு. கோட்டு எங்கே?

"அக்கா, அத்தானோட கோட்டு பத்திரமா உன் கைக்கு வரும், நானே கொண்டு வந்து தரேன்" என்று இதே சமையலறையில் நின்று சொன்னாய். சாமான்கள் ஏறின. ஆட்கள் ஏறினார்கள். எங்கள் வீட்டு டீக்கெண்டிகூடத் தவறுதலாக ஏறிவிட்டது. கோட்டு மாட்டியிருந்த ஆணியில் மட்டும் ஒன்றும் இல்லை.

வேறு கோட்டு என்றால் கேட்டிருக்க மாட்டேன். உனக்கே தெரியும். போர்க்காலத்தில் நம்மிடம் இருந்தவை ஒரு வெள்ளை முயலும் ஒரு கறுப்பு முயலும்தான். அதனால் காலரின் ரோமத்தில் ஒரு பாதி வெள்ளை, மறு பாதி கறுப்பு. "இரண்டு முயல் ஸ்டேஷன் மாஸ்டர்" என்று ஊரே லுத்விக்கைக் கிண்டல் செய்தது. போர் முடிந்த பிறகு வந்த குளிர்காலத்தில் அவரைக் கூட்டிப்போக வந்த அரசாங்கப் போலீஸ்காரர்கள் என்ன சொன்னார்கள்? "இதோ வந்துடலாம், கோட்டு எதுக்கு?" என்றார்கள். அவரும் நம்பிவிட்டார். பிறகு, இறந்துவிட்டார் என்று ஒரு வரி வந்தது. எங்கே புதைத்தோம் என்ற வரி வரவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் இறந்தவர்களின் நாளில் எல்லாரும் அவரவர் வீட்டுக் கல்லறையில் மெழுகு விளக்கு வைக்கிறார்கள். நான் கல்லறைத் தோட்டத்தின் பொதுச் சிலுவையடியில் வைத்துவிட்டு வருகிறேன். முகவரி எழுதாத கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவது போல இருக்கிறது.

அவர் பெயரைச் சொல்லாமல் அவரைப் படத்தில் வைக்கிறேன் என்றாய். அதற்காகத்தான் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். திருப்பி அனுப்பு. கெண்டியையும்தான்.

பொறுமை குறைந்துகொண்டே வரும் உன் அக்கா,
புரோனியா


வூச்
2 ஏப்ரல் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

உப்புக்கும் ஓட்டுக்கும் மன்னிப்பு. கெண்டி அகப்பட்டுவிட்டது. ஒலிப்பதிவுக்காரர் அதில்தான் டீ போட்டுக்கொண்டிருக்கிறார், பிடுங்கி அனுப்புகிறேன். கோட்டு உடுப்பறையில் இருக்கிறது. படம் தணிக்கைக் குழுவின் ஒப்புதலைப் பெறும்வரை எந்த உடுப்பையும் வெளியே விடமாட்டார்கள். மறுபடி எடுக்கச் சொன்னால் வேண்டுமே!

காட்சி அருமையாக வந்திருக்கிறது அக்கா. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை. படத்தில் வருகிற பெண், வராதவருக்கென்று வழக்கப்படி ஒரு காலித் தட்டை வைக்கிறாள். ஆணியில் கோட்டு. அவள் அதைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. முடிந்தது. போட்டுப் பார்த்தபோது படத்தொகுப்பாளர் எழுந்து வெளியே போய்விட்டார்.

குழு வெட்டாதா என்று பயப்படாதே. இங்கே எல்லாரும் செய்கிற ஒரு வேலையை நானும் செய்திருக்கிறேன். குழுவில் இருப்பவர்கள் எதையாவது வெட்டியே ஆகவேண்டும். வெட்டாவிட்டால் அவர்கள் எதற்கு? அதனால் வெட்டுவதற்கென்றே ஒரு காட்சி வைப்போம். புத்தாண்டு விருந்தில் கட்சிச் செயலாளர் குடித்துவிட்டு மேசைமேல் ஏறி ஆடுகிறார். நடிகர் வாலெரி தட்டை மிதித்து, ஊறுகாயில் வழுக்கி விழுகிறார். பார்த்ததும் பாய்ந்து வெட்டுவார்கள். களைத்துப்போய், உன் சமையலறையைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். ஒரே மத்தியானத்தில் எடுத்து முடித்தேன். எப்படியும் குப்பைக்குப் போகிற காட்சிதானே.

அன்புத் தம்பி,
ஸெனோன்


லிப்னிகா
10 ஏப்ரல் 1957

அன்புத் தம்பிக்கு,

கெண்டி வந்தது. மூடி வரவில்லை.

உன் தந்திரத்தைப் படித்தேன். எனக்கு ஓர் உதாரணம்தான் ஞாபகம் வந்தது. என் வகுப்பில் பிலிப் என்று ஒரு பையன் இருந்தான். பக்கத்துப் பையனைப் பார்த்துக் கணக்கைக் காப்பியடித்துவிட்டு, விடைத்தாளின் மேலே வேண்டுமென்றே ஒரு பெரிய மைக்கறையைச் சிந்தி வைப்பான். டீச்சர் கறைக்குத் திட்டுவாள், கணக்கைக் கவனிக்கமாட்டாள் என்று எண்ணம். நான் என்ன செய்தேன் தெரியுமா? "கறை அழகா இருக்குடா, அப்படியே இருக்கட்டும். இப்ப இந்தக் கணக்கைக் கரும்பலகையில போட்டுக் காட்டு" என்றேன்.

அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களும் ஏதோ ஒரு டீச்சரிடம் படித்தவர்கள்தானே, ஸெனோன்?

கோட்டு.

அக்கா


வூச்
21 ஜூன் 1957

அக்கா,

நீ சொன்னபடியே ஆகிவிட்டது. ஆனால் நீ நினைத்த காரணத்தால் அல்ல.

நேற்று திரையிட்டோம். மேசை நடனம் வந்ததும் குழுத்தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அட, இது அசல் நம்ம பக்கத்து இலாகா ஆளுய்யா! போன புத்தாண்டுக்கு இப்படித்தான் ஆடினான்! இதுல கை வைக்காதீங்க, மேலிடத்துக்கும் போட்டுக் காட்டணும்" என்றார். மற்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் ஒருவன்தான் சிரிக்கவில்லை.

அப்புறம் சமையலறை. அது முடிந்ததும் விளக்கைப் போட்டார்கள். "யாருக்குத் தட்டு?" என்றார் தலைவர். "வராத விருந்தாளிக்கு" என்றேன். "ஏன் வரலை?" என்றார். நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். "தோழர் ஸெனோன், இவ்வளவு சிரிக்க வச்சிட்டு இப்படி மூஞ்சியைத் தொங்கப்போட வைக்கலாமா? எடுத்துடுங்க" என்றார். அவ்வளவுதான். வாதாடினேன் அக்கா. முழுப் படத்தையும் அலமாரியில் பூட்டிவிடுவோம் என்றார்கள். அத்தனை பேருடைய உழைப்பு. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

ஸெனோன்


லிப்னிகா
27 ஜூன் 1957

ஸெனோனுக்கு,

அவரை ஒரு முறை அவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். இந்த முறை நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாய்.

கோட்டை அனுப்பு. கூடவே கடிதம் வேண்டாம்.

புரோனிஸ்லாவா


வூச்
14 அக்டோபர் 1957

அக்கா,

எழுதாதே என்றாய். மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிக்க முடியாது. இந்த மாதக் கடைசியில் படம் உங்கள் ஊர்க் கொட்டகைக்கு வருகிறது. தயவுசெய்து போகாதே.

சமையலறை இல்லை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த நடனத்தை எடுத்த மத்தியானம் அரங்கில் பயங்கரக் குளிர். வாலெரி உடுப்பறைக்குப் போய், இருப்பதிலேயே வேடிக்கையான ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். பாதி வெள்ளை, பாதி கறுப்புக் காலர். "சார், இதைப் போட்டா நான் வாயைத் திறக்காமலேயே சிரிப்பாங்க" என்றார். கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். எப்படியும் வெட்டப்போகிற காட்சிதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அத்தானின் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு குடிகாரச் செயலாளர் ஊறுகாயில் வழுக்கி விழுவதைப் பார்த்து இப்போது நாடே சிரிக்கிறது. இங்கே வூச்சில் கைதட்டுகிறார்கள். ஒவ்வொரு கைதட்டலும் என் கன்னத்தில் விழுகிறது.

நீ அதைப் பார்க்க வேண்டாம் அக்கா.

ஸெனோன்


லிப்னிகா
4 நவம்பர் 1957

அன்புத் தம்பிக்கு,

போகாதே என்று எழுதினால் போகாமல் இருப்பேன் என்று நினைத்தாயா? நாற்பது வயதாகியும் அக்காவைத் தெரிந்துகொள்ளவில்லை.

போனேன். பக்கத்து வீட்டுப் பெலாகியாவும் வந்தாள். முதல் அரைமணி நேரம், "இது நம்ம பேக்கரி!", "ஐயோ, என் துணிக்கொடி!" என்று ஒரே கூச்சல், ஒரு வசனம் காதில் விழவில்லை. அப்புறம் அந்த விருந்து வந்தது. நான் குனிந்து என் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செயலாளர் மேசைமேல் ஏறினார். பின்வரிசைப் பையன்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

பெலாகியாவுக்கு ரகசியமாகப் பேச வராது, உனக்குத் தெரியும். "அடியே! இது லுத்விக்கோட கோட்டுடீ!" என்றாள். கொட்டகை முழுக்கக் கேட்டது. "எது?" என்றது பின்வரிசை. "ரெண்டு முயல் கோட்டுடா! ஸ்டேஷன் மாஸ்டரோடது!" "அது எப்படி அந்த ஆள் முதுகுல?"

அப்புறம் யாரும் பேசவில்லை. பையன்களின் சிரிப்பும் நின்றது. வாலெரி விழுகிறார், எழுகிறார், மறுபடி விழுகிறார். ஒரு சத்தம் இல்லை. பேக்கரிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாவது வரிசையில் எங்கள் ஊர்க் கட்சிச் செயலாளர் துஷின்ஸ்கி மட்டும் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்துத் திரும்பிப் பார்த்தார். "என்ன, யாரும் சிரிக்க மாட்டேங்கறீங்க? நல்லாத்தானே ஆடறான்?" என்றார். அவர் இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, பாவம்.

உன் சமையலறைக் காட்சி இருந்திருந்தால் அழுதிருப்பார்கள். அழுவது அவரவர் வீட்டிலேயே எல்லாருக்கும் பழக்கம். இது வேறு மாதிரி இருந்தது. வெட்டத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கோட்டு யாருடையது என்று தெரியாமல் போயிற்று.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதமாட்டேன். நீ வேண்டுமென்று செய்தது போயிற்று, வேண்டாமென்று விட்டது நின்றது. இதற்கு உனக்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு தொல்லை. முந்தாநாள் எல்லாரும் கல்லறைக்குப் போகிற நாள். நான் வழக்கம்போலப் பொதுச் சிலுவையடியில் விளக்கு வைத்துவிட்டுத் திரும்பினேன். என் வீட்டு வாசற்படியில் நிற்க இடமில்லை. படி நிறைய விளக்குகள். வேலியோரத்தில், நீ உப்புக் கொட்டிய இடத்திலும் விளக்குகள். யார் வைத்தார்கள் என்று கேட்டால் பெலாகியாகூட, "எனக்கென்ன தெரியும்?" என்கிறாள். பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் போனேன். நேற்று முழுக்கக் கத்தியால் மெழுகைச் சுரண்டி எடுத்து, இன்று முதுகு நிமிரவில்லை. இந்த ஊருக்கு ஒரு வேலையையும் சுத்தமாகச் செய்யத் தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு வா. தட்டு வைத்திருப்பேன், அது அவருடையது, உனக்கு வேறு வைக்கிறேன். கோட்டை நீயே கையில் கொண்டு வா, தபாலை நான் நம்பமாட்டேன். அவன் ஆடின ஆட்டத்தில் மூன்றாவது பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. திரையில் பார்த்தேன். கறுப்பு நூல் வாங்கி வைத்துவிட்டேன்.

அக்கா,
புரோனியா

மூடியை மறக்காதே.