பூந்திக்கொட்டை நீர்

1913, ஐப்பசி 4
காலையிலிருந்து மழை. பூனையைத் தூக்கினேன், கையெல்லாம் தவிடு போல ஒட்டிக்கொண்டது. மயிரை விலக்கிப் பார்த்தால் தோல் வறண்டு செதில் செதிலாக உரிகிறது. ஏலக்காய் உலர்த்தும் புரையில், அடுப்புச் சுவரை ஒட்டியே கிடக்கிற பூனை. மூன்று வருஷமாக எலி ஒரு சாக்கைக்கூடக் கடிக்கவில்லை என்றால் அதனால்தான்.

விறகு கொண்டுவந்த சுருளி, "அண்ணே, இந்தச் செதிலு காயில விழுந்தா மொதலாளி சும்மா விடமாட்டாரு" என்றான். முதலாளி போடியிலிருந்து இருபதாம் தேதி வருகிறார். புரைக்கு மேஸ்திரி நான். பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

ஐப்பசி 6
சொறி என்றுதான் நினைக்கிறேன். காயை வெளுக்க அலசும் தொட்டியிலிருந்து பூந்திக்கொட்டை நீர் ஒரு சட்டி எடுத்து, நுரை பொங்கத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். பிறகு காயோடு காயாகப் புரைக்குள் விட்டு உலர்த்தினேன். பளிச்சென்று இருக்கிறது. இத்தனை மூட்டைக் காயை வெளுத்தவனுக்கு ஒரு பூனை பெரிய காரியமா?

தொட்டியில் காய் அலசிக்கொண்டிருந்த ஜக்கம்மாள், "அதைப் போட்டு ஏன் பாடாப் படுத்துறீங்க" என்றாள். என் மனைவிக்கு நான் எது செய்தாலும் குற்றம்.

ஐப்பசி 8
மறுபடி குளிப்பாட்டினேன்.

ஐப்பசி 11
மூன்றாம் முறை. செதில் கூடியிருக்கிறது. காதோரம் வெடித்து ரத்தம். சட்டியை எடுத்தாலே சாக்குகளுக்குப் பின்னால் பதுங்குகிறது — நல்லதுதானே செய்கிறேன்?

ஐப்பசி 14
பூனை இரண்டு நாளாகத் தின்னவில்லை. சுருளி சொல்கிறான்: "சாக்குல கட்டிக் குடுங்கண்ணே. போடிமெட்டுக்கு அங்கிட்டு விட்டுட்டு வெரசா வந்துர்றேன்." வைதுவிட்டேன். பிள்ளையில்லாத வீடு. வாசலில் அது கத்தினால்தான் எனக்கு வீடு வந்தது போல இருக்கும். அது செத்தால் தாங்கமாட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

ஐப்பசி 15
மறுபடியும் சட்டியோடு போனேன். ஜக்கம்மாள் பிடுங்கித் தரையில் கொட்டினாள்.

"சொறியுமில்ல ஒண்ணுமில்ல. நாள் பூரா அனல்ல கெடக்கு, தோலு காயுது. அதுமேல இந்தத் தண்ணியையும் ஊத்துனா உரியாம என்ன செய்யும்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள்.

விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. உள்ளங்கை பூனையின் முதுகைப் போலவே உரிந்து, அங்கங்கே ரத்தம் காய்ந்திருந்தது. ஆவணியிலிருந்து அந்தத் தொட்டியில்தான் அவள் கை. தினமும் எனக்குச் சோறு போடுகிற கை. பூனையின் மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தவன் — நானெல்லாம் என்ன மனுசன்? இத்தன நாளா எங்க பாத்துக்கிட்டு இருந்தேன்?

ஐப்பசி 17
பூனையைப் புரையிலிருந்து வீட்டுக்குள் மாற்றிவிட்டோம். குளியல் கிடையாது. சுருளி சிலமலையிலிருந்து வெண்ணெய் கொண்டுவந்தான். உருக்கி எடுத்துக்கொண்டு போய் ஜக்கம்மாளின் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல பூனைக்குப் போடுங்க. மிச்சமிருந்தா பாப்போம்."

ஐப்பசி 20
முதலாளி வந்தார். புரைக்குள் பூனை இல்லை என்றதும் அதைப் பற்றி மேலே கேட்கவில்லை. வெள்ளைக் காய் இன்னும் பத்து மூட்டை வேண்டுமாம். சரி என்றேன். அலசுவது பெண்கள் சோலி. மேஸ்திரி நானே தொட்டியில் கை விட்டதைப் பார்த்து சுருளி சிரித்தான். சிரிக்கட்டும்.

ஐப்பசி 27
பூனை தின்கிறது. செதில் நின்றுவிட்டது, காதோரம் புது மயிர். நேற்று ஜக்கம்மாள் நெய்க் கிண்ணத்தைத் தானாக எடுத்துக் கையில் தடவிக்கொண்டாள். பிறகு என் பக்கம் தள்ளிவைத்தாள். பேனா பிடித்தால் விரலிடுக்கு எரிகிறது. இன்றைக்கு இவ்வளவுதான் முடிகிறது.