துண்டுப்பிரசுரத்தில் உங்கள் முகம்

அண்ணை,

போன கிழமை கடைக்கதவைத் திறக்கும்போது ஒரு துண்டுப்பிரசுரம் காலில் மிதிபட்டது. எடுத்துப் பார்த்தால் உங்கள் முகம். போன தேர்தலில் மண்டபத்தில் வேட்பாளருக்கு நீங்கள் பொன்னாடை போர்த்திய அதே படம். நீங்கள் போய் இரண்டு பனிக்காலம் ஆகிறது. செத்த பிறகும் உங்களை வாக்குக் கேட்க அனுப்பியிருக்கிறார்கள்.

வாழ்நாளில் ஒரு வாக்குக்கூடப் போடாத மனிதரின் முகம் அது. அச்சடித்தவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துடைக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின், பின்னேரங்களில் என் கடைக்கு வந்து வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்காருவீர்கள். என்னை "மொதலாளி" என்று கூப்பிடுவதில் உங்களுக்கொரு நக்கல். மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் நீங்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே, இந்திய வம்சாவளி என்று சொல்லி, உங்கள் அப்பாவின் குடியுரிமையையும் வாக்கையும் இலங்கையில் பிடுங்கிவிட்டார்கள். நாடற்றவராகவே வளர்ந்தீர்கள்.

ஒருநாள், உங்களோடு வேலை செய்த உக்ரேனியக் கிழவர் சொன்ன கதையோடு வந்தீர்கள். 1917இல் இந்தக் கனடாவில் நடந்த நாடாளுமன்றத் தேர்தல். உலகப்போர் நேரம். ஆட்களைக் கட்டாயமாகப் படைக்கு எடுப்பதா என்பதுதான் சண்டை. போர்முனைக்குப் போனவர்களின் மனைவிக்கும் தாய்க்கும் சகோதரிக்கும் புதிதாக வாக்குக் கொடுத்தார்கள். எதிரி நாட்டில் பிறந்து இங்கே வந்து பிரஜையானவர்களில் ஏராளம் பேரிடம் இருந்த வாக்கைப் பறித்தார்கள். கிழவரின் பாட்டனார் பிறந்த ஊர் அப்போது எதிரிப் பேரரசின் கீழ் இருந்ததால், அவரும் அப்படிப் பறிகொடுத்தவர்.

"கோதும வெளைச்ச மனுசன், மொதலாளி. நீ பிரஜைன்னு கடுதாசி குடுத்துட்டு, எலக்சன் வந்ததும் போடான்னுட்டாங்க. எங்கப்பாவுக்குச் செஞ்சத இங்க முன்னாடியே செஞ்சு பாத்திருக்காங்க."

"உது நூறு வருசப் பழங்கதை அண்ணை. வோட்டுப் போட்டால் அரிசி விலை குறையுமே?"

"ஒங்களுக்குச் சும்மா கெடச்சிருச்சு, அதான் கொறவாத் தெரியுது. எங்க வோட்டப் புடுங்குறப்ப ஒங்க யாழ்ப்பாணத்துப் பெரியவங்க சில பேரும் கையத் தூக்குனவங்கதானே?"

நான் வெங்காயம் நிறுக்கப் போனேன்.

பிறகு கனடாக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தீர்கள். தேர்தல் வந்தது. உங்கள் சத்தியப்பிரமாணத்துக்குக் கிடைத்த திகதியோ, வாக்களிப்பு முடிந்து அடுத்த கிழமை. அதற்குள் நம் ஆட்கள் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ரோல்ஸ், தேத்தண்ணி, மேடை. பொன்னாடை போர்த்த வயதில் மூத்தவர் வேண்டுமென்று உங்களைக் கூப்பிட்டார்கள். இவருக்கு வாக்கு இருக்கிறதா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. போர்த்திவிட்டு, என்னைப் பக்கத்தில் இழுத்து, "திகதிய ஒரு வாரம் முன்னால தள்ள முடியுமான்னு கேளுங்க" என்றீர்கள். வேட்பாளருக்கு மொழிபெயர்த்தேன். அவர் உங்கள் தோளில் தட்டிக் கமராவைப் பார்த்துச் சிரித்தார். அடுத்தமுறை போடலாம் ஐயா என்றார்.

நீங்கள் பிரஜையானீர்கள். அடுத்தமுறை வருமுன் இதயம் நின்றுவிட்டது.

பிரசுரத்தில் இருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். நம்முடைய பொடியன் ஒருவன் பேசினான்.

"அது சூப்பர் படம் அங்கிள். எல்லாருக்கும் பிடிச்சது."

"தம்பி, அந்தாள் செத்துப் போச்சு."

"சொறி அங்கிள்." பிறகு, "உங்கட வீட்டில எத்தினை வோட்டு?"

போனை வைத்துவிட்டேன். வேறென்ன செய்ய? அவனுக்குக் கொடுத்த வேலையை அவன் செய்கிறான்.

இன்று வாக்களிப்பு. கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். முந்தி ஒரு தேர்தலுக்கும் நான் கடை பூட்டியதில்லை. மட்டை மறைப்புக்குப் பின்னால் பென்சிலோடு எவ்வளவு நேரம் நின்றேனோ, அங்கிருந்த பெண் "சா வா, மொஸ்யூ?", எல்லாம் சரியா ஐயா, என்று பிரெஞ்சில் கேட்டாள். சீட்டில் இருந்த ஒரு பெயரிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் தோளில் தட்டியவரை விட்டு, வேறொரு பெயருக்கு நேரே புள்ளடி போட்டேன். அரிசி விலை குறையப் போவதில்லை. தோளில் தட்டியவர்தான் வெல்லப்போகிறார் என்று ஊரெல்லாம் சொல்கிறது, அதுவும் தெரியும்.

ஆனாலும் அண்ணை, இனி ஒரு தேர்தலிலும் என்னால் கடைக்குள் இருக்க முடியாது. எனக்கு ஒரு சதம் இலாபமில்லாத இந்த வேலையைத் தந்துவிட்டுப் போய்விட்டீர்கள். விடவும் முடியவில்லை.