தின்னரும் சர்பத்தும்

மார்ச் 3, திங்கள்

அந்தச் சாம்பல் நிறக் காருக்கு இன்று பெயிண்ட் அடித்து முடித்தேன். ஒரு கதவு மட்டும் நசுங்கி வந்த வண்டி. மற்ற பட்டறைகளில் எல்லாம் கலர் சேராது என்று கையை விரித்துவிட்டார்களாம். நான் கலந்த கலரில் எது பழைய கதவு, எது புதுக் கதவு என்று வண்டிக்காரருக்கே தெரியவில்லை. தடவித் தடவிப் பார்த்தார். முதலாளி வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை. அவர் என்னைப் பாராட்டுவதற்குள் எனக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

உடம்புதான் அசதியாக இருக்கிறது. வலது விலாவுக்குக் கீழே ஏதோ கனம். மனைவி விடாமல் இழுத்துப் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வைத்துவிட்டாள்.

மார்ச் 5

ரிப்போர்ட் வந்தது. கல்லீரலில் கொழுப்பாம். நம்பரெல்லாம் எகிறிக் கிடக்கிறது. டாக்டர் பேப்பரைப் பார்த்தார், என் சிவந்த கண்ணைப் பார்த்தார். "குடியை நிறுத்துங்க" என்றார்.

"நான் குடிக்கிறதில்லை டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

கண் சிவப்பது பெயிண்ட் புகையால். அதைச் சொல்வதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்தபோது மனைவியின் முகம்— இத்தனை வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அவள் அப்பா குடித்தே போனவர். "எங்கப்பாவும் இதையேதான் சொல்லுவாரு, குடிக்கலேன்னு" என்றாள். நடுத்தெருவில் நான் கத்தினேன். "இப்படிக் கத்தினா யாருப்பா நம்புவா?" என்று வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள். கோபம் வந்தால் எழுதப்பா என்று இந்த டைரியை வாங்கித் தந்ததும் அவள்தான்.

மார்ச் 6

ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு இந்த நாக்கில் பட்டிருந்தாலாவது மனசு ஆறும்.

மார்ச் 9, ஞாயிறு

மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன். என்னைத் தனியாக அழைத்துப் போய்த் தோளில் கைபோட்டு, "மாப்பிள்ளை, விட்டுடுங்க. நான் வெளிய சொல்ல மாட்டேன்" என்றார். பெரிய மனசு. அந்தக் கையைத் தட்டிவிடாமல் இருந்ததற்கு எனக்கு யாராவது மாலை போட வேண்டும்.

அவர் போனபின் மனைவி நிதானமாகச் சொன்னாள்: "மூணு மாசம் பாக்கறேன். அடுத்த ரிப்போர்ட்டும் இப்படியே வந்தா, நானும் பொண்ணும் அண்ணன் வீட்டுக்குப் போயிடறோம்." அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 14

வேறு டாக்டர். நாற்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. "நீங்க குடிக்கலேன்னே வச்சுக்குவோம்" என்று ஆரம்பித்தார். வச்சுக்குவோமாம்! எழுந்து வந்திருப்பேன். மனைவி பக்கத்தில் இருந்ததால் உட்கார்ந்திருந்தேன்.

"காலைல பட்டறைக்குள்ள போனதுல இருந்து என்ன பண்ணுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பெயிண்ட் அடிப்பது. பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் கையைக் கழுவுவது. அதில்தான் பெயிண்ட் போகும். பிறகு சர்பத். தின்னர் நெடி தொண்டையில் நிற்கும். இனிப்பாகக் குடித்தால் உள்ளே போனதை அடித்துக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் பட்டறைப் பழக்கம். பழப்பாகும் சர்க்கரையும் பெரிய ஜாடியில் நானே கலப்பேன். என் கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது. அடிக்கிற ஒவ்வொரு வண்டிக்கும் பெரிய டம்ளர் நிறைய, சில நாள் இரண்டு.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கல்லீரல்ல இருக்கற ஒவ்வொரு செல்லுக்கும் பல வேலை. சாப்பாட்டைச் சக்தியா மாத்தணும். விஷம் வந்தா உடைச்சு வெளிய அனுப்பணும். தின்னர் உங்களுக்கு மூச்சு வழியாவும் போகுது, தோல் வழியாவும் போகுது. அதோட மல்லுக்கட்டவே அந்த செல்லுக்கு நேரம் சரியாப் போயிடும். அதுக்கு மேல நீங்க இனிப்பா ஊத்தறீங்க. எரிக்க முடியாத இனிப்பைக் கொழுப்பா மாத்தி அது தனக்குள்ளயே வச்சுக்கும். ரெண்டும் சேர்ந்து படுத்துதுன்னு நினைக்கறேன். ரெண்டையும் நிறுத்திப் பாத்தாதான் தெரியும்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. வேலை முடியாத வண்டிகளை உள்ளேயே நிறுத்திக்கொண்டே போனால், கடைசியில் ஆள் நிற்க இடமிருக்காது. மருந்தென்று நினைத்து இத்தனை வருடம் நானே கலந்து, நானே ஊற்றிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில் மனைவி எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தாள். அவளுக்கு சர்பத் கதையே புதிது.

மார்ச் 20

சர்பத் இல்லை. தலை வலிக்கிறது. எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன். பேப்பர் அக்கா சிரித்தாள். பெயிண்ட் படக்கூடாத கண்ணாடியிலும் விளக்கிலும் பேப்பர் ஒட்டுகிறவள் அவள். "நீ குடிக்கலேன்னா உன் பங்கையும் நானே குடிக்கறேன்டா" என்று குடித்தாள். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

ஏப்ரல் 2

இன்று என் நாள்.

நல்ல மாஸ்க் வேண்டும், புகையை வெளியே இழுக்கிற ஃபேன் வேண்டும், ரப்பர் கையுறை வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். "நானும் உன்னை மாதிரி கைக்குட்டை கட்டிக்கிட்டு அடிச்சவன்தான்டா" என்பார். இன்று ஒரு கறுப்பு வண்டி வந்தது. கறுப்பில் தூசி விழுந்தாலும் தெரியும், கை நடுங்கினாலும் தெரியும். அதை அடிக்க இந்தப் பட்டறையில் ஒரே ஆள்தான். அந்த ஆள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னடா?"

"ஃபேன் வரட்டும், அடிக்கறேன்."

மத்தியானம்வரை முறைத்தார். கடைசியில், "நீயே போய் வாங்கிட்டு வா, இல்லேன்னா அதுக்கும் குறை சொல்லுவே" என்று தன் வண்டிச் சாவியை எறிந்தார். ராஜா மாதிரி வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன்.

ஏப்ரல் 30

படிக்கட்டில் மூச்சு வாங்கவில்லை. பெல்ட்டை ஒரு ஓட்டை உள்ளே தள்ளியாகிவிட்டது.

மே 18

மனைவி தட்டில் காய் நிறைய வைக்கிறாள், இனிப்பைக் கண்ணில் காட்டுவதில்லை. கவனிப்புக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் பேச்சு அளவோடுதான். அவள் துணி பெட்டிக்குள் மடித்தபடி இருக்கிறதா, அலமாரியில் இருக்கிறதா என்று திருடன்போல் பார்த்தேன். அலமாரியில்தான் இருக்கிறது. இன்னும்.

ஜூன் 13

ஜெயித்துவிட்டேன்!

புது ரிப்போர்ட்டில் ஒரு நம்பர் கோட்டுக்குள் வந்துவிட்டது, இன்னொன்று கோட்டை ஒட்டி நிற்கிறது. ஸ்கேனில் கொழுப்பு பாதிக்கு மேல் கரைந்திருக்கிறது. "நான் நினைச்சதை விட நல்லாவே வந்திருக்கு. சேதம் ஆழமாப் போகலேன்னா கல்லீரல் தன்னைத்தானே சரி பண்ணிக்கும்" என்றார் டாக்டரம்மா. மனைவி ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். நான் தெருவில் பாடாத குறை.

ஜூன் 15, ஞாயிறு

மச்சான் வந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார். "பாத்தியாம்மா? குடியை விட்டதும் எப்படிச் சரியாயிடுச்சு!"

அடப்பாவி மனுஷா. இதை நான் யோசிக்கவே இல்லையே! சரியானால் குடித்தவன், சரியாகாவிட்டாலும் குடித்தவன். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. மனைவியைப் பார்த்தேன். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஜூன் 19

என் இரண்டு ரிப்போர்ட்டையும் பார்த்துப் பயந்த முதலாளி பட்டறையில் எல்லாரையும் ரத்தம் கொடுக்க வைத்திருந்தார். இன்று வந்துவிட்டது. பேப்பர் அக்காவின் நம்பர், என் பழைய நம்பருக்கு அண்ணன் தம்பி. பாவம், பதறிப்போய் உட்கார்ந்திருந்தாள். நான் பழக்கிவிட்ட சர்பத்தாயிற்றே.

வீட்டில் சொன்னேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. "குடி வாடையே ஆகாத அந்த அக்காவுக்கா?" என்றாள். பாதி மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு, "டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

ஜூன் 21

மூவரும் போனோம். நான் பின் வரிசையில் உட்கார்ந்தேன். பெயர் எழுதுகிற நர்ஸ் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டாள்: "குடிப்பழக்கம் ஏதாவது உண்டா?"

அக்கா என் மனைவியைப் பார்த்தாள். மனைவிதான் பதில் சொன்னாள். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இல்லம்மா. இவங்க பெயிண்ட் பட்டறைல வேலை பாக்கறாங்க. என் வீட்டுக்காரருக்கும் இதே ரிப்போர்ட்தான் வந்துச்சு. அவர் குடிக்கவே மாட்டார்."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். அவர்கள் இருவரும் உள்ளே போனார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இன்று பட்டறைப் பக்கமே போகவில்லை, புகை என்று சொல்லவும் வழியில்லை.