ஓய்வுக்கு மூன்று மலைகள்

மார்ச் 3, செவ்வாய்

சூப்பர்வைசர் கூப்பிட்டு மூன்று விளம்பரத் தாள்களை மேசைமேல் பரப்பினார். மூன்றிலும் மலை, மூன்றிலும் பனிமூட்டம், மூன்றிலும் கண்ணை மூடிச் சிரிக்கும் ஒருத்தி.

"ஒண்ணைத் தேர்ந்தெடுங்கக்கா. ரெண்டு வாரம் புத்துணர்வு முகாம். ஆபீஸே அனுப்புது."

பன்னிரண்டு வருடமாக ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். காய்ச்சலுக்கு ஒரு நாள் விடுப்புக் கேட்டாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர்கள் இவர்கள். திடீரென்று என்ன பாசம்? எனக்கா தெரியாது! போன மாதம் நான் அனுப்பிய வண்டி தப்பான இடத்துக்குப் போனது. பதினோரு நிமிடம் தாமதம். ஒரு பெண்மணி இறந்துபோனார். 'போன் செய்த கணவர் தவறான இடத்தை உறுதிசெய்தார்' என்று எழுதி விசாரணையை மூடிவிட்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அதற்குத்தான் இந்த மலை.

மார்ச் 4, புதன்

பக்கத்து இருக்கைக்காரி — வாய் ஓயாது, அதனால் 'ரேடியோ' என்போம் — "மூச்சு விடக் கத்துக்குடுக்க மலை மேல கூட்டிட்டுப் போறாங்களா? குடுத்து வச்சவ நீ" என்றாள். ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். அதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

மூன்று இடத்துக்கும் நானே போன் செய்தேன்.

முதல் இடத்தில் ஐந்து நிமிடம் புல்லாங்குழல். அப்புறம்தான் ஆள். "அங்க யாருக்காவது நெஞ்சுவலி வந்தா ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன். "இங்க வந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாது மேடம்." ஆகாதாம்! மனுஷங்கதானே வர்றாங்க, பொம்மைங்களா?

இரண்டாவது இடத்தில் வேலையைப் பற்றிப் பேசக் கூடாதாம். "பழசையெல்லாம் கீழேயே விட்டுட்டு வரணும்." எங்கே விடுவது? யார் வீட்டு வாசலில்?

மூன்றாவதில் ஒரு பெண். நிதானமாகப் பேசினாள், எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்ககிட்ட மொத்தம்…"

"எட்டு ரூம். தாள்ல பாத்தேன்."

"சாப்பாடு வந்து…"

"சைவம் மட்டும். சரி."

"இல்லைங்க. நான் இன்னும் சொல்லி முடிக்கல. கொஞ்சம் பொறுங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டேன். ஏன்?

மார்ச் 6, வெள்ளி

"நான் யாரையும் பேசி முடிக்க விடுறதில்லையா?" என்று வீட்டில் இவரிடம் கேட்டேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆரம்பிக்கவே விடுறதில்லையே" என்றார். சிரிப்பு வேறு. கத்தித் தீர்த்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

மார்ச் 7, சனி

இந்த நோட்டிலாவது பூசி மெழுகக் கூடாது.

அழைப்பவர் தெருப் பெயரைத் தொடங்கியதுமே எங்கள் திரையில் பட்டியல் வந்துவிடும். மிச்சத்தை நாமே சொல்லி, ஒரு 'ஆமா' வாங்கி, பொத்தானை அமுக்கிவிடலாம். எட்டு பத்து விநாடி மிச்சம். இதில் என்னை அடிக்க ஆளில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

அந்த மனிதர் "தொட்டித் தெரு…" என்றார். அந்தப் பெயரில் இங்கே இரண்டு தெரு. "மார்க்கெட் பக்கம்தானே?" என்றேன். "ஆமா ஆமா, சீக்கிரம் வாங்க." பொண்டாட்டி கண்ணு முன்னாடி கெடக்கும்போது ஒரு மனுஷன் எதுக்குத்தான் ஆமான்னு சொல்ல மாட்டான்? வீடு இருந்தது பஸ் டிப்போ பக்கம். அவர் தப்பாகச் சொல்லவில்லை. சொல்லவே நான் விடவில்லை.

தன்னால்தான் அவள் போனாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். எனக்கு மலைக்காற்று. தூ!

மார்ச் 9, திங்கள்

"ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேளுங்க" என்றேன் சூப்பர்வைசரிடம்.

"பைலை மூடியாச்சுக்கா. நீங்க மனசு சரியில்லாமப் பேசுறீங்க. மலைக்குப் போய்ட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்."

"அந்த ஆளை எந்த மலைக்கு அனுப்பப் போறீங்க?"

அறையே திரும்பிப் பார்த்தது. மூன்று தாள்களையும் அவர் மேசையில் வீசினேன். நடந்ததை எழுதிக் கொண்டுபோயிருந்த கடிதத்தை அவற்றின் மேல் வைத்தேன். மேலதிகாரிக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 11, புதன்

இடைநீக்கம். மலையும் ரத்து.

மார்ச் 14, சனி

அந்தத் தொட்டித் தெரு மனிதரின் வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் குவிந்துகிடந்த துவைத்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு என்னை உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பைக் கழற்றி அடிப்பார் என்று நினைத்துப் போனால், மனிதர் கட்டிலில் கிடந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. திட்டித் தொலையுங்களேன்!

கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டு, "இதை எம் பையன்கிட்ட சொல்றீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டான். அவங்கம்மா போனதுலேர்ந்து அவன் எங்கூடப் பேசுறதில்ல" என்றார். அவரே நம்பர் போட்டு, போனை என்னிடம் கொடுத்தார்.

சொன்னேன். பையன் கத்தினான். காதால் கேட்கத் தகாததெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் இருக்கும். மூச்சு வாங்க அவன் நிறுத்தியபோதெல்லாம் நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் குரல் இறங்கி, "அப்பா பக்கத்துல இருக்காரா?" என்றான்.

போனை அவரிடம் நீட்டினேன்.