மூடிய கான்

கொடகவெல,
நவம்பர் 2006.

அன்புள்ள தம்பி உதயராஜுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். வீட்டு விஷயத்தில் நமக்குள் மனத்தாங்கல் வந்த பிறகு என் போனை நீ எடுப்பதில்லை. கடைக்கார சாலி நானாவின் தம்பி நாளை தோஹா திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். படித்து முடித்துவிட்டுக் கோபப்படு.

உன் வீட்டுக்கு மேலே இருந்த ராமச்சந்திரன் வீடு மண்ணோடு சரிந்துவிட்டது. அவர் மனைவி புஷ்பத்தை எடுத்து அடக்கம் செய்தாயிற்று. அவரைத் தேடிப் பெக்கோ மெஷின் இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறது. சரிந்த மண் உன் பின்சுவரில் வந்து நின்றது.

மழை மாறிவிட்டது என்று எல்லோரும் பேசுகிறார்கள். இப்படிப்பட்ட பேச்சை நான் லேசில் நம்புவதில்லை, உனக்குத் தெரியும். ஆனால் ஐப்பசி முழுக்க நின்று பெய்யும் மழையை இப்போது காணோம். நிலம் வெடிக்கும்வரை காய்கிறது, பிறகு ஒரே பின்னேரத்தில் கொட்டித் தீர்க்கிறது. அந்த நேரம் பார்த்து டவுனும் மலை ஏறிவிட்டது. தோட்டத்து றப்பர் மரங்கள் நின்ற சரிவைக் கூறுபோட்டு விற்றார்கள். இப்போது அங்கே ஹார்ட்வெயார் கடை, டியூஷன் கொட்டகை, வீட்டுக்கு மேல் வீடு.

காணி வாங்கியதும் நம் ஆட்கள் செய்த முதல் வேலை கானை மூடியது. மலைத் தண்ணீரை ஓடைக்குக் கொண்டுபோவதற்காக அப்பாவும் மற்றவர்களும் வருடாவருடம் மழைக்கு முன் வெட்டித் துப்புரவாக்கிய கான். "இனி எந்தத் தொரைக்கு நாங்க கான் வெட்டணும்? இது நம்ம நெலம்" என்று சிரித்துக்கொண்டே ராமச்சந்திரன் அதை நிரப்பி முற்றம் போட்டார். நீயும் போனில் அதையேதான் செய்யச் சொன்னாய். மேலிருந்து கீழ்வரை எல்லோரும் செய்தார்கள். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது. குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் கான் வெட்டியவர்கள்.

உன் மனைவி அனுஷியாவை என் குவாட்டர்ஸுக்கு அழைக்கப் போனேன். பின்சுவர் வெடிப்பில் சேற்றுத் தண்ணீர் கசிகிறது. அதற்கு ஒரு பேசினை வைத்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். "அங்க நான் விருந்தாளி அண்ணி, இங்க வீட்டுக்காரி. பூட்டிட்டுப் போனா திரும்ப உள்ள விடுவாங்களா? மறுபடி தோட்டத்து லயத்துக்குப் போகச் சொல்றீங்களா?" என்றாள். வீட்டை விட்டு எழும்பச் சொல்லிக் கிராம சேவகர் சிங்களத்தில் சத்தம் போட்டார். அவரைவிட நல்ல சிங்களத்தில் இவள் திருப்பிக் கொடுத்தாள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். பிள்ளை ஷாமிளாவையாவது என்னோடு அனுப்பு என்றேன். "ஒங்க தம்பி சொல்லட்டும்" என்றாள்.

இதை எழுதும்போதே றக்வானப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வருகிறது.

கடிதம் கைக்கு வந்ததும் அவளைக் கூப்பிடு. நான் எழுதினேன் என்று சொல்லாதே. லீவில் வந்து கானைத் திறக்கலாம் என்றும் சொல்லாதே, அதை நம்பி அங்கேயே இருந்துவிடுவாள். பிள்ளையோடு அக்கா வீட்டுக்குப் போ என்று மட்டும் சொல். வீட்டுச் சாவி அவள் இடுப்பிலேயே இருக்கட்டும், அக்கா அதைக் கேட்க மாட்டாள் என்று சொல்.

நீங்கள் மூவரும் ஒரு கூரையின் கீழ் நெடுநாள் இருக்க வேண்டும். அது எந்தக் கூரையாக இருந்தாலும் சரி.

உன் அக்கா,
மங்கையர்க்கரசி