பட்டி பார்த்த பஜ்ஜி

2 நவம்பர் 2025, ஞாயிறு

மகள் கிருத்திகா கோயமுத்தூரிலிருந்து அனுப்பிய ஏர் ஃபிரையர் நேற்று வந்தது. கறுப்பாக, குக்கரைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தேன். மேலே ஒரு கம்பிச் சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை. அவ்வளவுதானா? வெறும் சூடான காற்று எப்படிப் பொரிக்கும்? பள்ளிக்கூட லேபில் கண்ணாடிக் குடுவைகளை உலர்த்த இதே மாதிரி ஓர் ஓவன் இருக்கிறது. லேப் அசிஸ்டென்டாக இருபது வருஷமாக அதைத் திறந்து மூடுகிறேன், அதில் பஜ்ஜி போடலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

"அப்பா பஜ்ஜி இல்லாம இருக்க மாட்டாரும்மா. இதுல போட்டுக் குடு" என்றாள் போனில். உண்மைதான். ஆகஸ்டில் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது, "எண்ணெயில பொரிச்சது எதுவும் வேண்டாங்க. மறுபடி அடைச்சா பைபாஸ்தான்" என்று டாக்டர் சொன்னார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

பள்ளியில் மிஞ்சிய இந்த ரெக்கார்ட் நோட்டில்தான் நாட்குறிப்பு எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தில் பஜ்ஜிக்கு ஒரு கட்டம் போட்டுவிட்டேன். தேதி, காய், நிமிடம், குறிப்பு. பழக்க தோஷம்.

4 நவம்பர், செவ்வாய்

வாழைக்காய். எப்போதும் போல மாவில் முக்கிக் கூடையில் வைத்தேன். மாவெல்லாம் ஓட்டை வழியாக ஒழுகிக் கீழே அடையாகிவிட்டது. மேலே வாழைக்காய் அம்மணமாக உட்கார்ந்திருந்தது.

"நல்லாத்தான் இருக்குது புள்ள" என்றார். ஒன்றுக்கு மேல் தொடவில்லை.

6 நவம்பர், வியாழன்

மழை. குடை எடுக்க அவருடைய ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்தேன். எண்ணெய் ஊறிய செய்தித்தாள் உருண்டைகள், நாலு. ஒன்றில் மாவு ஒட்டிய வாழைக்காய் முனை. அவர் வேலை செய்யும் லாரிப் பட்டறைக்கு எதிரே செல்லமுத்து அண்ணன் டீக்கடை. வேறெங்கே?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாராம். தின்னுட்டுப் போகட்டும் — எதுக்கு ஒளிக்கோணும்? எங்கிட்ட? ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது நானு.

கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் பொய் சொன்னதில்லை. முதல் பொய்யை நானே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டாம். கடைக்கே போகத் தோன்றாத மாதிரி ஒரு பஜ்ஜி போட்டுக் காட்டினால் என்ன?

9 நவம்பர், ஞாயிறு

கூடையில் தாள் விரித்து அதன் மேல் வைத்தேன். விசிறி இழுத்த இழுப்பில் தாள் பறந்து கம்பிச் சுருளில் ஒட்டிக் கருகியது. தாள் இல்லாமல், கெட்டி மாவில் வெங்காயப் பக்கோடா போட்டேன். வறட்டி.

ஏன்? கொதிக்கும் எண்ணெய் மாவை நாலு பக்கமும் ஒரே நொடியில் பிடித்துக்கொள்கிறது. காற்று மெதுவாகத்தான் பிடிக்கிறது, அதற்குள் மாவு ஒழுகிவிடுகிறது. காரணம் தெரிந்துவிட்டது. வழி?

12 நவம்பர், புதன்

எண்ணெய் பூசிப் பார்த்தேன். பூசிய இடம் சிவப்பு, விட்ட இடம் வெள்ளை. மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவர்.

16 நவம்பர், ஞாயிறு

இன்று அவரே அடுப்படிக்கு வந்து நின்றார். நான் மாவில் முக்குவதையும் அது ஒழுகுவதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்புள்ள, பட்டி பாத்தியா?"

"பஜ்ஜிக்கு எதுக்குங்க பட்டி?"

"பட்டி பாக்காம கலர் அடிச்சா எந்த லாரியா இருந்தாலும் இப்பிடித்தான் ஒழுகும். ஈரத்து மேல ஈரம் நிக்குமா?"

முப்பது வருஷமாக லாரி பாடிக்குப் பெயிண்ட் அடித்தவர். தகரத்தின் மேல் முதலில் பட்டி என்ற பசையை இழுத்து, காயவிட்டு, தேய்த்துவிட்டுத்தான் கலருக்கே போவார்கள். ஸ்டென்டுக்குப் பிறகு பெயிண்ட் புகை ஆகாது என்று ஓனர் அவர் கையிலிருந்து ஸ்பிரே கன்னை வாங்கிவிட்டார். இப்போது லாரியில் பெயர் எழுதும் வேலை மட்டும்தான்.

என் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, அரிசி மாவில் விரலை வைத்தார். "இதான் பட்டி." காயைத் துணியால் ஒற்றி, அரிசி மாவில் புரட்டி, பஜ்ஜி மாவை மெல்லிசாக ஒரு கோட். கூடையை முன்பே சூடேற்றி எண்ணெய் தடவி வைத்து, அதில் நாலு நிமிடம். வெளியே எடுத்து இன்னொரு கோட். மறுபடி உள்ளே.

ஒழுகவில்லை! ஒரு சொட்டுகூட! இத்தனை நாள் லேபில் நான் என்ன படித்தேன்?

ஆனால் வெளுப்பாகவே இருந்தது, மொறுமொறுப்பும் இல்லை. "எண்ணெயப் பூசக் கூடாது புள்ள, அடிக்கோணும்" என்றார்.

19 நவம்பர், புதன்

பட்டறையிலிருந்து ஒரு ஸ்பிரே பாட்டில் கொண்டுவந்தார். "சோப்பு போட்டு மூணு தடவ கழுவிட்டேன்" என்றார். எண்ணெய் ஊற்றி அடித்தோம். முதல் நிமிடத்திலேயே வீடு முழுக்க புது லாரி வாசனை. பெயிண்டைக் கரைக்கும் தின்னர் இருந்த பாட்டில்! சூட்டில் தீப்பிடிக்காமல் போனதே பெரிய விஷயம். லேபில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் முட்டி போட வைத்திருப்பேன். அவ்வளவையும் குப்பையில் கொட்டினேன், திட்டித் தீர்த்தேன். பாவம், கூடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

20 நவம்பர், வியாழன்

சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிக்கும் பாட்டில், புதிது, வாங்கி வந்திருக்கிறார். ஆனால் கடலை எண்ணெய் கெட்டி, பீச்சாங்குழல் மாதிரிதான் பாய்கிறது.

"பெயிண்ட்டுன்னா தின்னர் ஊத்துவோம். எண்ணெய்க்கு ஏது தின்னரு?" என்று யோசித்தார்.

"சூடுதானுங்க" என்றேன். எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து, வெதுவெதுப்பானதும் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். பனி மாதிரி இறங்கியது. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

23 நவம்பர், ஞாயிறு

வாழைக்காய். பட்டி, இரண்டு கோட், பிறகு எண்ணெய். பன்னிரண்டு பஜ்ஜிக்கு இரண்டே ஸ்பூன்.

அவர்தான் அடித்தார். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மணிக்கட்டை இடமிருந்து வலமாக, எங்கேயும் நிற்காமல். ஆகஸ்டுக்குப் பிறகு இந்த முகத்தை இன்றுதான் பார்க்கிறேன்.

கடித்தேன். மொறுக் என்றது. அவர் கடித்தார். அதுவும் மொறுக்! மெதுவாக மென்றுவிட்டுச் சொன்னார்: "செல்லமுத்து கடையிது மாதிரி இல்ல புள்ள. ஆனா இதுவும் பஜ்ஜிதான்."

இதற்கு முன்னால் அவர் சொன்ன எல்லா 'நல்லாத்தான் இருக்குது'களையும்விட இது எனக்கு இனித்தது. ஐந்து சாப்பிட்டார். கட்டத்தில் 'கோட்' என்று ஒரு பத்தி கூடச் சேர்த்தேன். எப்படி நிரப்ப வேண்டும் என்று அவருக்கும் காட்டினேன்.

27 நவம்பர், வியாழன்

கத்திரிக்காய்க்கு ஒரு கோட் போதும். பஜ்ஜி மிளகாய் வெடித்துவிட்டது, கீறிவிட வேண்டும்.

டப்பாவில் போட்டுப் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினேன். செல்லமுத்து அண்ணனும் ஒன்று எடுத்துத் தின்றாராம். "ஏனுங்க பெயிண்டரே, என்ற கடையில வந்து என்ற பொழப்புலயே மண்ணப் போடறீங்களே" என்றாராம். இவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். நாலு மணிக்குப் பட்டறை ஆட்கள் எல்லாரும் அந்தக் கடை பெஞ்சில்தான் கூடுகிறார்கள். ஸ்பிரே கன் போன பிறகு அவரை 'பெயிண்டரே' என்று கூப்பிடும் இடம் அது ஒன்றுதான். அதை விடச் சொல்லி நான் எப்படிக் கேட்பது? பெஞ்சுக்குப் போகட்டும். பஜ்ஜி மட்டும்தான் எனக்குப் பயம்.

ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று இரண்டு முறை தோன்றியது. திறக்கவில்லை.

5 டிசம்பர், வெள்ளி

நேற்று நாள் முழுக்க மழை. அவர் நனைந்துகொண்டு வந்து, சுருக்கமாகப் பேசிவிட்டுப் படுத்துவிட்டார்.

இன்று காலிஃபிளவர் எழுத வேண்டும் என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். என் கோழிக் கிறுக்கலுக்குக் கீழே புதிதாக ஒரு வரிசை. லாரி நெற்றியில் எழுதுகிற அதே எழுத்து, ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கம் நிழல் கொடுத்து, நிதானமாக:

தேதி: 4.12. காய்: வாழைக்காய். கோட்: தெரியாது. நிமிடம்: தெரியாது. குறிப்பு: செல்லமுத்து கடை. ஒண்ணு. மழை.

சண்டைக்குப் போக வேண்டியவள் நான். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன், அப்புறம் 'மழை'யைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இரட்டை நிழல் கொடுத்திருக்கிறார். முன்பக்கங்களையும் படித்திருப்பாரோ? அந்தச் செய்தித்தாள் உருண்டைகளை எழுதிய நவம்பர் ஆறை? கேட்கப் போவதில்லை.

கீழே அடுத்த வரிசையை நான் எழுதினேன். 5.12. காலிஃபிளவர். இரண்டு கோட். பதினான்கு நிமிடம். குறிப்பு எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். சாயங்காலம் வந்து அவர் எழுதட்டும்.